படத்தில் இல்லாதவள்

என் தங்கத்துக்கு,

உன் அண்ணன் சீனிவாசுக்கு ஹைதராபாத்தில் வேலை உறுதியாகிவிட்டது. லாவண்யா வங்கித் தேர்வில் தேறிவிட்டாள். சின்னவன்கூட சதுரங்கத்தில் கோப்பை வாங்கியிருக்கிறான். பேரப்பிள்ளைகள் மூவர் படமும் என் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

கல்லூரியில் நீங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் புராஜெக்டுக்கு முதல் பரிசு என்று பேப்பரிலும் படம் வந்தது. தெனாலிக் கடைத்தெரு முழுக்கக் காட்டினேன். பக்கத்து வீட்டு ரத்தம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"மூணு பசங்கதானே நிக்கிறானுங்க அண்ணி, உன் பேத்தி எங்க?"

"போட்டோ புடிச்சதே அவதான்" என்று பொய் சொன்னேன்.

பிறகுதான் உன் அம்மா போனில் சொன்னாள். புராஜெக்டைப் பார்த்துப் பரிசு கொடுக்க வருகிறவருக்கு மாணவர்களே டிபன் வாங்கிவைப்பது உங்கள் கல்லூரி வழக்கமாமே. உன் சார், "பசங்க பேசட்டும், நீ போய்ச் சூடா மிளகாய் பஜ்ஜி வாங்கிட்டு வாம்மா" என்றாராம். மாதக்கணக்கில் உட்கார்ந்து புரோகிராம் முழுக்க எழுதியது நீ. நீ பொட்டலத்தோடு திரும்புவதற்குள் பரிசு கொடுத்து, படமும் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்தப் பசங்களில் ஒருவன், "சட்னி எங்கடி?" என்றானாம்.

கடைசிப் பரீட்சை எழுத மாட்டேன் என்கிறாயாம். உன் அப்பா கல்யாணத் தரகரைக் கூப்பிட்டுவிட்டார். நீ படிப்பை விட்டால் அவருக்குச் சந்தோஷம்தான்.

நான் சுவரில் நாலாவது ஆணி அடித்துவிட்டேன். பேப்பரில் வந்ததை அதில் மாட்ட மாட்டேன். பரீட்சையை எழுதி முடி. கம்ப்யூட்டர் முன்னால் நீ மட்டும் உட்கார்ந்து ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. எடுத்துக் கொடுப்பது அந்தச் சட்னி கேட்டவனாக இருக்கட்டும்.

உன் அம்மம்மா