அடுப்பில் கொதித்த முட்டைகள்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கூர்முனை கீழாகச் சேர்த்து வைத்திருந்த கோழி முட்டைகளை, நீ அனுப்பிய குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர் பெட்டியில் அப்பாவே அடுக்கினார். வேளை தவறாமல் திருப்பியும் விட்டார். டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது. "உசிரு பிடிச்சிருச்சு பாரு!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

நேற்று கடைக்குப் போய்த் திரும்பினால், அத்தனை முட்டையும் அடுப்பில் கொதிக்கிறது.

"என்னங்க இது?"

"பசிக்குதுன்னு நீதானே சொன்னே?"

நான் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரியாமல் தோட்டத்தில் புதைத்தேன். சாயங்காலம் காலிப் பெட்டியைப் பார்த்து, "யாரு எடுத்தா?" என்று அழுதார். பூனைமேல் பழியைப் போட்டேன்.

அவருடைய மூக்குக்கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும்.

லீவுக்கு வரும்போது வாசலிலேயே, "அப்பா, நான் உங்க மக வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வாம்மா.

உன் அம்மா