சுட்டியனை ஏற்றிவிட்டேன்

இஞ்சேருங்கோ,

இன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்தேன். இரண்டு தரம் தோய்த்து மடித்த உங்கள் சாரத்தில் இன்னமும் கிடாயின் மொச்சை நாற்றம். முன்பென்றால் வாய்நிறையத் திட்டியிருப்பேன். இன்று அதை மடியில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன்.

நம் செம்மறிப் பட்டிக்குக் கிடாய் தெரிந்தெடுக்க நீங்கள் படுத்தும் பாடு! குட்டி எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் முதலில் தாயைத்தான் பிடிப்பீர்கள். மடியைப் பார்ப்பீர்கள், பல்லைப் பார்ப்பீர்கள். மாரி முழுக்கச் சேற்றில் நின்றும் நொண்டாத மறியாட்டின் குட்டிதான் வேண்டும். மற்றக் கிடாய்க் குட்டிகளுக்குக் காயடித்துவிடுவீர்கள்.

"என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் அம்மாவைத்தான் பாத்தனீங்களோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம். அவவுக்கு நல்ல பல்லு" என்றீர்கள், சிரிக்காமல்.

அப்படிப் பொறுக்கி எடுத்த கிடாய்தான் நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த சுட்டியன். இரண்டு வருடம் முடிந்ததும் மூதூரில் பட்டி வைத்திருக்கும் நானாவின் கிடாயோடு அவனை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. "மகள்மார் பருவத்துக்கு வர முன்னம் தகப்பன் வேற பட்டிக்குப் போயிடோணும்" என்பீர்கள். மாற்ற ஒரு மாதம் இருக்க, நீங்கள் போய்விட்டீர்கள்.

நானா சொன்னபடி கிடாயோடு வந்தார். நான் ஏலாது என்றுவிட்டேன். உங்கள் கையில் தவிடு தின்று வளர்ந்தவன். அவனையும் கொடுத்துவிட்டு இந்த வளவில் நான் என்ன செய்ய? "சரி தங்கச்சி, மனசு ஆறட்டும்" என்று அவர் திரும்பிப் போனார்.

இந்த மாரியில் சுட்டியனின் மகள்மார் அவனுக்கே ஈன்றன. ஒரு குட்டிக்குக் கீழ்த்தாடை உள்ளே இழுத்திருந்தது. காம்பைப் பிடிக்க ஏலாமல் மூன்று நாள் என் மடியில் கிடந்து செத்தது. மற்றது எழும்பவேயில்லை. நீங்கள் இருந்தால் ஒரு சொல்லும் ஏசியிருக்கமாட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வைத்த ஆசைக்கு அந்த வாயில்லாச் சீவன்கள் ஏன் சாகவேண்டும்?

நேற்று நானாவுக்குப் போன் எடுத்தேன். இன்று காலை லொறியில் வந்தார். அவருடைய கிடாயை இறக்கியதும் வாயைத் திறந்து தாடையைப் பார்த்தேன். "அவர் பாக்கிற மாதிரியே பாக்கிறீங்க" என்றார்.

சுட்டியன் லொறியில் நின்று காதை விடைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஒருதரம் பேர் சொன்னால் போதும், குதித்து ஓடி வந்துவிடுவான்.

ஆசுபத்திரிக் கட்டிலில் உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவள் நான். அவனைக் கூப்பிடவில்லை.