இரண்டு சாவிப் பெட்டியில் உள்ள திரைப்பட நெகட்டிவை எடுத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மீ. தஹ்சீன், வயது 52,
த/பெ. மீரான் (காலஞ்சென்றவர்),
பேகம்பூர், திண்டுக்கல்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: இடிக்கப்படவுள்ள தியேட்டர் கட்டடத்தின் மாடி அறையில் உள்ள இரும்புப் பெட்டியைத் திறக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தோல் வியாபாரம் செய்த என் தந்தையும், தொப்பம்பட்டி நாச்சிமுத்து அவர்களும் கூட்டாக 1974-இல் ஒரு கறுப்பு வெள்ளைத் திரைப்படம் எடுத்தார்கள். படம் நான்கு நாள் ஓடியது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் விற்றுவிடக் கூடாதென்று, நெகட்டிவைத் தியேட்டர் மாடி அறையில் ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து, இரண்டு சாவியும் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் நம்மூர்ப் பூட்டைப் போட்டு, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டார்கள். என் தந்தையின் சாவி இப்போது என்னிடம் உள்ளது. பெட்டிக்கு இவ்வளவு காவல் போட்டவர்கள், உரிமைப் பத்திரத்தை மட்டும் நாச்சிமுத்து அவர்கள் பெயரிலேயே விட்டுவிட்டார்கள்.

2. அவர் மகன் திரு. ஈஸ்வரன் 2022-இல், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய படங்களை மொத்தமாக வாங்கும் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் ஒரு தியேட்டர் பிரதியிலிருந்து புளூ-ரே டிஸ்க் வெளியிட்டுள்ளார்கள். அகலமான டிவி முழுக்க நிறைய வேண்டுமென்று படத்தின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் வெட்டியிருக்கிறார்கள்.

3. கிணற்றடிக் காட்சியில், நடிக்க வேண்டியவர் வராததால், சுவரின் மேல் நின்று தண்ணீர் இறைப்பவர் என் தாயார் சைனம்பு. எனக்கு மூன்று வயதில் இறந்துவிட்டார். அவர் முகம் எனக்கு நினைவில்லை. வீட்டிலிருந்த ஒரே கல்யாணப் படமும் ஓடு ஒழுகி நனைந்து போனது. டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு தெளிவு ஐயா. கையிலிருந்த வளையல்களை எண்ணினேன், ஏழு. கழுத்துக்கு மேல் இல்லை. அதே காட்சியில் கீழே கயிறு பிடித்து நிற்கும் வடமதுரை ஜக்கம்மாளிடம் காட்டினேன். "உங்கம்மாதேன் தாயி. இம்புட்டு அழகா எடுத்துப்புட்டு மூஞ்சிய எதுக்கு அறுத்தாய்ங்க?" என்றார்.

4. நிறுவனத்திடம் கேட்டதில், அந்தப் பிரதியை அழித்துவிட்டதாகவும், நெகட்டிவ் கிடைத்தால் முழுப்படமாக எடுத்துத் தருவதாகவும் எழுதியுள்ளார்கள். பெட்டி இருக்கும் தியேட்டர் கட்டடம் விரிசல் விட்டதால் சீல் வைக்கப்பட்டுள்ளது. அது சரியான நடவடிக்கையே. ஆனால் வரும் 21-ஆம் தேதி இடிப்பு. அன்று அந்தப் பெட்டி பழைய இரும்பாகப் போய்விடும்.

5. மூன்று ஆண்டுகளாகப் பேச்சில்லாத திரு. ஈஸ்வரனுக்கு நானே போன் செய்தேன். "தப்புத்தானுங்க. சாவி எங்கிட்ட பத்திரமா இருக்குதுங்க, சொன்ன அன்னிக்கு வந்தர்றனுங்க" என்றார். விற்றதைப் பற்றிய என் கோபம் தீரவில்லை. அதை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன். தங்களிடம் பங்கோ உரிமையோ கேட்கவில்லை.

ஐம்பது வருட வெக்கையில் சுருள் கெட்டுப்போயிருக்கலாம் என்பதும் தெரியும். கெட்டிருந்தால் நானே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். 21-ஆம் தேதிக்கு முன் ஒரு மணி நேரம், அலுவலர் ஒருவர் முன்னிலையில் அறையைத் திறக்க உத்தரவிட வேண்டுகிறேன். இரண்டு சாவியும் வரும்.

இடம்: திண்டுக்கல்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
மீ. தஹ்சீன்

இணைப்பு:
1. நிறுவனத்தின் கடித நகல்.
2. கிணற்றடிக் காட்சியின் அச்சுப்படி. சுவரின் மேல் கழுத்துவரை தெரிபவர் என் தாயார்.