ரோஸ் நிறச் சோளம்

மார்ச் 6, வெள்ளி
காலையிலிருந்து தூறல். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. முளைப்பாரியில் என் சட்டியும் உண்டு, முதல் தடவை. ஐப்பசியில் வயிற்றில் தங்காமல் போனது இனித் தங்கவேண்டும் என்று நேர்த்தி.
இவர் ஹாலிஎல டவுனில் சோள விதை வாங்கி வந்தார். மருந்து பூசிய ரோஸ் நிறம். "கம்பெனி வெதை புள்ள, ஒன்னுகூட தப்பாது." மற்றவர்கள் எல்லாம் பலசரக்குக் கடைப் பயறு. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.
வழக்கப்படி ராத்திரி ஊறப் போட்டேன்.

மார்ச் 7
கோயில் இருட்டறையில் விதைத்தோம். கையில் சாயம் போகவில்லை. சோப்பு வாங்கணும்.
பாக்கெட்டில் மிஞ்சிய காய்ந்த விதையை எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தியில் ஊன்றிவிட்டேன். வீணாக்குவானேன்.

மார்ச் 10
பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் பயறு விரல் நீளம். என் சட்டியில் வெறும் மண். கிளறினால் பாதி அழுகல், மீதி கட்டைக் குட்டையாக.
கும்மி முடிந்ததும் இவரின் அக்கா, என் அண்ணி, எல்லார் முன்னாலும்: "வெரதம் ஒழுங்கா இருந்தியா?"
கருவாடு வாசம்கூட வீட்டுக்குள் விடவில்லை நான். எரிச்சல்.

மார்ச் 12
மழை. தோட்டத்தில் அரை நாள் பெயர், கூலி போனாலும் போகட்டும் என்று ஹாலிஎல போனேன். விதைக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மருந்து போட்டத ஊற வைக்கலாமாங்க? காஞ்சபடியே மண்ணுல போடணும். சாமிக்குன்னு சொல்லியிருந்தா வேற குடுத்திருப்பேனே."
இவரிடம் கத்தினேன். "நல்லதுன்னுதானே வாங்கினேன்" என்றார். பாவமாகவும் இருந்தது.
அண்ணியிடம் விளக்கினால், "சாமி காரியத்துல மருந்து கதை சொல்லாத."

மார்ச் 15, ஞாயிறு
ஊர்வலம். என் சட்டிதான் குள்ளம். செவ்வந்தி சுற்றி மறைத்தேன். தெரியாமலா இருக்கும்.
ஆற்றில் கரைக்கும்போது பாக்கியம் அக்கா முதுகைத் தடவி, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். அதற்குத்தான் அழுகை வந்தது. பிள்ளையே இல்லையென்று தீர்ப்புச் சொன்ன மாதிரி.

மார்ச் 16
தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்முன் கீரைப் பாத்தியைப் பார்த்தேன். சோளம் நாலு விரல் உயரம், பச்சைப் பசேலென்று. ஒன்றுகூடத் தப்பவில்லை.
அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "அதே பாக்கெட்டு அண்ணி. ஊற வைக்கல, அவ்வளவுதான்."
குனிந்து தொட்டுப் பார்த்தார். "இது வெளி மண்ணுல வந்தது. ஆத்தா அறையில வரலையே."
நாலடி போய்த் திரும்பினார். "கதிர் வந்தா எனக்கு ரெண்டு குடு."
கொடுக்க மாட்டேன்.