ஜரிகை டப்பாவில் ஒரு எச்சரிக்கை

காஞ்சிபுரம்
9-2-1975

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அப்பாவின் ஆசிகள். நானும் உன் அம்மாவும் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலமல்ல, நிஜமான நலம்! சிகாகோ குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று விவரமாக எழுது.

நான்கு மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபிக்காதே. நவராத்திரியிலிருந்தே அம்மாவுக்கு முகம் வீங்கி, குரல் கம்மி, உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம். பழைய தைராய்டு சோர்வுதான். டாக்டர் அந்தோணி மாத்திரையை இரண்டு தடவை கூட்டியும் பலனில்லை, இந்த உடம்போடு விமானம் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மே மாதம் நீ டாக்டர் பட்டம் வாங்குவதைப் பார்க்க, பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரத்தின் தறியில் பட்டுப் புடவைக்குச் சொல்லிவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தவள், இனிமே எனக்கு எதுக்குங்க புதுப் புடவை, பஞ்சாட்சரத்துக்கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க என்றாள். மனமில்லாமல் மார்கழி முதல் வாரம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். தறியில பாவு ஏத்தி முழம் முழமா நெசவு ஓடிக்கினு இருக்குது, இப்ப வந்து வேணாங்கிறீங்களே வாத்தியாரே என்று பஞ்சாட்சரம் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் பார்த்தேன், தறிக்குப் பக்கத்தில், நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் நீ அம்மாவின் கொலஸ்ட்ராலுக்கு அனுப்பிய பவுடர் டப்பா! மூடி இறுக்கமா இருக்குது, ஜரிகை கறுக்காது என்று அவர் ஆசைப்பட்டதால், பவுடரை ஊறுகாய் பாட்டிலில் கொட்டிக்கொண்டு டப்பாவைக் கொடுத்திருந்தேன். லேபிளைப் படியுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளிடம் கேள்வியை முழுசாகப் படி என்று சொன்னவன், எத்தனை கரண்டி என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை அன்று படித்தேன். மற்ற மருந்துகளை இந்தப் பவுடருக்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டுமாம். அம்மாவோ கோயிலுக்குப் போய் வரும்வரை வாயில் எதுவும் போடாதவள். வந்ததும் மோரில் பவுடரைக் கலக்கி, தைராய்டு மாத்திரையையும் அதோடு விழுங்குவாள். கலக்கிக் கொடுத்தவன் நான்!

ஜரிகை சுற்றிய கட்டைகளைப் பஞ்சாட்சரத்தின் மடியில் கவிழ்த்துவிட்டு டப்பாவோடு டாக்டரிடம் ஓடினேன். சிக்கிக்கும்பா, சிக்கிக்கும் என்று அவர் கத்தியது தெருமுனைவரை கேட்டது. டாக்டர் படித்துவிட்டு, இந்தப் பவுடரை நீங்கள் சொல்லவே இல்லையே என்று என்னைப் பார்த்தார். பஞ்சாட்சரம் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறாரே, அது நூலோடு பறந்து வரும் தூசையும் பிடித்துக்கொள்கிறதல்லவா? அப்படித்தான், குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றிக் கொலஸ்ட்ராலைக் குறைக்க வேண்டிய பவுடர் மாத்திரையையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. கூட்டிய அளவு முழுதும் இனி உடம்பில் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும் என்று அவரே பழைய அளவுக்குக் குறைத்தார். நாமாக எதையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

இனி விடியற்காலை மாத்திரை, மத்தியானச் சாப்பாட்டோடு பவுடர். கோயிலுக்கு முன்னால் எப்படி என்று நான் தயங்கினேன். ஏங்க, வாய் கொப்புளிச்சா சாமி கோவிச்சுக்கிறாரா, மாத்திரைக்கு மட்டும் கோவிச்சுக்கப் போறாரா என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஏழு வாரமாயிற்று. வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று பால்காரரோடு அவள் போட்ட சண்டையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்திருக்கிறது. டிக்கெட் எடுங்கள் என்று டாக்டர் இன்று காலையில் சொல்லிவிட்டார், மகளே! உன் அம்மா வீட்டுக்குக்கூட வராமல் நேரே பஞ்சாட்சரத்திடம் போய், பாதியில நிக்கிற புடவையை முடிங்க, முந்தானையில இன்னும் கொஞ்சம் ஜரிகை சேருங்க என்று நிற்கிறாள்.

சகல சௌபாக்கியத்தோடும் நீண்ட ஆயுளோடும் இரு. தலைவலிக்கு மாத்திரை வாங்கினாலும் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறாய் என்பதை டாக்டரிடம் சொல், லேபிளைக் கடைசி வரிவரை படி. விமான நிலையத்துக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை மறக்காமல் எடுத்து வா.

உன் அன்பு அப்பா,
திருஞானசம்பந்தம்

டப்பா இனி நம் வீட்டில்தான், பவுடர் அதற்குள்ளேயே. பஞ்சாட்சரத்துக்கு ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். முறைக்கிறார்.