சம்சுன் என்றுதான் சொன்னாள்

ஏப்ரல் 9
எங்கள் ஜேஜுத் தீவின் கமலா ஆரஞ்சுத் தோட்டங்களில் பரிசோதனை முடிந்தது. சிவப்புச் சிலந்திப்பேனின் சாற்றைக் கையில் ஊசியால் குத்தினால் பாதிப் பேருக்குத் தடிக்கிறது. அதில் சிலருக்கே இளைப்பு வருகிறது. அந்த இளைப்பு ரத்தவழியில் இறங்குகிறதா என்பதுதான் ஆய்வு.

கடைசியாக வந்தவள் எங்கள் தெருவில் இருக்கும் யோன்சில், பழம் பறிப்பவள். நல்ல தடிப்பு. "தலையில இருந்த பேனே என்னை ஒண்ணும் பண்ணல, இலையில இருக்கறதா பண்ணப்போவுது?" என்று சிரித்தாள். குடும்பத்தில் யாருக்காவது இளைப்பு உண்டா என்றேன். "ஒரு சம்சுனுக்கு இருந்துச்சுக்கா. அதுலயே போயிட்டாரு." 'இல்லை' என்று எழுதினேன். வேலைக்குப் போகலாமா என்றாள். தாராளமாக என்றேன்.

அக்டோபர் 30
பழம் பறிக்கும்போது யோன்சில் மூச்சு முட்டி விழுந்துவிட்டாளாம். தீவிர சிகிச்சையில் இருக்கிறாள்.

நவம்பர் 1
மருத்துவமனையில் அவள் அம்மா: "இவ அப்பா கூடப்பொறந்தவரும் இப்படியேதான் போனாரு. பரிசோதனையில இவ சொல்லலியா?"

சொன்னாள்.

சொந்தச் சித்தப்பா. சம்சுன் என்றால் சித்தப்பாதான்; ஆனால் ஜேஜுவில் ஊரில் மூத்தவர் எல்லாரும் சம்சுன்தான். மீன் விற்கும் கிழவிகூட. சியோலிலிருந்து வந்த யாராவது "எந்த வகையில சொந்தம்?" என்று கேட்டிருப்பார்கள். நான் ஊர்க்காரி, எனக்குத் தெரியாததா, யாரோ ஊர்ப் பெரியவர்தான் — அந்தத் திமிர். ஒரே ஒரு கேள்வி. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு எனக்கு?

நவம்பர் 4
ஆய்வுத் தலைவர் டாக்டர் மின்னிடம் சொன்னேன். "படிவத்தோட குறைங்க அது. நீங்க ஏன் உங்க தலையில போட்டுக்கறீங்க?"

வேலைக்குப் போ என்று படிவம் சொல்லவில்லை.

நவம்பர் 11
யோன்சிலை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொண்டுபோன கஞ்சி ஆறிப்போனது.

நவம்பர் 18
படிவங்களோடு வீடு வீடாகப் போகிறேன். "ரத்த சொந்தமா, ஊர் சொந்தமா?"
"இவ்வளவு படிச்சுட்டு இதைக் கேக்கவா வந்தே?" என்றார் ஒருவர்.
இதுவரை ஏழு 'இல்லை', 'உண்டு' ஆகியிருக்கின்றன.

டிசம்பர் 12
யோன்சில் வந்தாள், பதினோரு வயது மகள் ஹாயுனோடு. இன்ஹேலரைக் கையிலேயே பிடித்திருந்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

"லீவு விட்டா இவளும் தோட்டத்துக்கு வந்துருவா. பாருங்க."

வேறு யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா என்றேன்.

"வேணாம். நீங்களே பாருங்க. இனிமே நீங்க கேக்காம விடமாட்டீங்க."

கேட்டேன். ரத்த சொந்தம் ஒவ்வொருவராக, பெயரோடு. பிறகு குத்திவிட்டு, கால் மணி நேரம் மூவரும் அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தடித்தது.

போகலாமா என்று யோன்சில் கேட்பதற்குள், தோட்டம் வேண்டாம் என்று நானே சொன்னேன்.