திங்கட்கிழமை ஆபரேஷன்

அன்பு மகனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீயும் மருமகளும் பேரனும் முழுசாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. போனில் பேசினால் மீட்டிங்மா என்று இரண்டாவது நிமிடமே வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தானே ஆகவேண்டும். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும், எழுதப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும், வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்திருக்கிறேன்.

கால் விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா போன பிறகு இந்தத் தையல் கடையை மிதித்து மிதித்தே ஓட்டினேன், மிஷின் அப்படியே இருக்கிறது, கால்தான் தேய்ந்துவிட்டது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த களிம்பைத் தடவியதில் வலி போகவில்லை, வாடிக்கையாளர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். கரண்ட் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், உறை மாதிரி ஒன்றை மாட்டிவிட்டார்கள். எலும்பு டாக்டர் போன வருடமே, எலும்பும் எலும்பும் உரசுதும்மா, மூட்டை மாத்தித்தான் ஆகணும் என்று சொல்லிவிட்டார். நான் மாட்டேன் என்றேன். பிறந்தபோது கொடுத்த மூட்டோடு போய்ச் சேருகிறேன் என்றேன். உன் தங்கை ஒரு வருடமாகக் கெஞ்சினாள், அழுதாள், ஒருநாள் சாப்பிடாமல்கூடக் கிடந்தாள். பசி வந்ததும் எழுந்து வந்துவிட்டாள், அது வேறு விஷயம்.

இப்போது உன் தங்கை மகாராணிக்கு வேலை கிடைத்திருக்கிறது. பெரிய துணி கம்பெனியில் சட்டைக்கு அளவு வரைகிற வேலை, இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம். செவ்வாய்க்கிழமை காலையில் போய் நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். முப்பத்திரண்டு வயதில், முன் பல்லும் எடுப்பாக இருக்கிறவளை, எந்தக் கம்பெனி எதைப் பார்த்துக் கூப்பிட்டதோ. எழுதுடி, ஏன் பேனா நிற்கிறது. நேராக வெட்டவும் பட்டனுக்குக் காஜா எடுக்கவும் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அங்கே போய் விற்கப் போகிறாள். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கிறவர்களை நான் வெளியே தேட வேண்டியதில்லை, இரண்டு பேரைப் பெற்று வைத்திருக்கிறேன்.

வேலைக்கு ஆர்டர் வந்த மறுநாளே என்னை டாக்டரிடம் கூட்டிப்போ என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், அம்மா மனசு மாறிட்டாங்க என்று தெருவெல்லாம் சொன்னாள். டாக்டர், ஆபரேஷனை இந்தத் திங்கட்கிழமையும் வைக்கலாம், அடுத்த மாசமும் வைக்கலாம், அவசரம் இல்லை என்றார். இவள் முந்திக்கொண்டு, அடுத்த மாசம் வச்சுக்கலாம் டாக்டர், நான் லீவு போட்டுட்டு வந்துடுவேன் என்றாள். நான், திங்கட்கிழமையே வைங்க டாக்டர், என் பொண்ணு ஒரு வருஷமா கெஞ்சுறா, அவ ஆசையைத் தள்ளிப்போட எனக்கு மனசு வரலை என்றேன். டாக்டர் இவளைப் பார்த்து, இப்படி ஒரு மகள் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் என்றார். இவள் தலையை ஆட்டினாள். வேண்டும் என்றுதான் செய்தேன். அதை அவளை வைத்தே எழுதவும் சொல்கிறேன். மூன்று மாதம் என்னைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் கம்பெனி இவளை மறந்துவிடும். தனியாக இருக்க எனக்குப் பயம் ஒன்றும் கிடையாது. இவளை அனுப்ப இஷ்டமில்லை, அவ்வளவுதான். ஒருத்தனை அனுப்பிவிட்டுப் பட்டது போதும்.

நீ லீவு கீவு என்று அலைய வேண்டாம். வந்தாலும் வராண்டாவில் நின்று போன்தான் பேசுவாய். பேரனுக்கு இருமல் என்றாயே, ஃப்ரிட்ஜ் தண்ணீர் கொடுக்காதே. மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல், சொல்லாவிட்டாலும் அவள் ஒன்றும் தேடப் போவதில்லை. நீ உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன், மணிக்கு ஒரு தடவை எழுந்து நட, இந்த முழங்கால் உனக்கும் வந்து சேரும். நீ நீடூழி வாழ வேண்டும், எந்தக் குறையும் உன்னை அண்டக்கூடாது. உன் தங்கை போன் செய்து அழுதால் எடுக்காதே, மறந்துவிடாதே.

எப்போதும் உன் நினைப்பாக இருக்கும்,
அம்மா

அண்ணா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். இதற்குக் கீழே இருப்பது நான். திங்கட்கிழமை காலையில் நானே அவளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பேன். ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாக இருக்கிறாள் என்று டாக்டர் வந்து சொல்லும்வரை வெளியே உட்கார்ந்திருப்பேன். சொன்னதும் பஸ் ஏறிவிடுவேன். மயக்கம் தெளியும்போது சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். இதைக் கூரியரில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும். நீ வா. வராவிட்டால் அவள் கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிடுவாள், கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். கீழே இன்னும் என்னடி எழுதுகிறாய் என்று இப்போது கேட்கிறாள். உன் ஆசீர்வாதத்தைத்தான் அண்ணனுக்கு இன்னொரு தடவை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.